48 வோல்ட் தோப்பு வண்டிக்கு லித்தியம்: 60 ஆம்பியர் பிஎம்எஸ் போதுமா, 100 வேண்டுமா?

தோப்பு_உடுமலை

வணக்கங்க. உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பு. தேங்காய், உரமூட்டை, மட்டை எல்லாம் இழுக்க மூன்று சக்கர பேட்டரி வண்டி ஒன்று இருக்கிறது. 48 வோல்ட், 1200 வாட் பிஎல்டிசி மோட்டார். நான்கு லெட் ஆசிட் பேட்டரி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தோம். இரண்டாவது செட்டும் படுத்துவிட்டது. இந்த முறை 100 ஏஎச் (ஆம்பியர்-அவர்) எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் பதினாறு வாங்கி நானே பேக் கட்டலாம் என்று இருக்கிறேன். செல் முடிவாகிவிட்டது, செல்களைக் கண்காணித்து ஆபத்து வந்தால் கரண்டைத் துண்டிக்கும் பிஎம்எஸ்தான் குழப்பம்.

கடைக்காரர், "1200-ஐ 48-ஆல் வகுத்தால் 25 ஆம்பியர், 60 போட்டாலே தாராளம்" என்கிறார். தெரிந்த ஒருவர் 100-க்குக் குறைந்து போடாதே என்கிறார். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எதற்குக் கூடுதல் என்று தெரிந்து வாங்க வேண்டும் இல்லைங்களா? வண்டி தோப்பை விட்டு ரோட்டுக்குப் போகாது.

சால்டர்புகை

கடைக்காரர் வகுத்தது மோட்டார் பிளேட்டில் இருக்கும் எண்ணை. பேட்டரியிலிருந்து எவ்வளவு உறிஞ்ச வேண்டும் என்று முடிவு செய்வது மோட்டார் இல்லை, கன்ட்ரோலர். வண்டி நின்ற இடத்திலிருந்து பாரத்தோடு கிளம்பும்போது கன்ட்ரோலர் தன் எல்லை வரைக்கும் இழுக்கும். வாய்க்கால் மேட்டில் ஏறும்போதும் அப்படித்தான். அந்த எல்லை கன்ட்ரோலர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் பார்த்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

தோப்பு_உடுமலை

சீட்டைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. ஸ்டிக்கரில் பாதி அழிந்துபோச்சு. படிக்க முடிந்தவரை: 48 வோல்ட், கரண்ட் லிமிட் 50 ஆம்பியர், அண்டர் வோல்டேஜ் 42.

சால்டர்புகை

அப்படியானால் 25 என்ற கணக்கை மறந்துவிடுங்கள். 50 ஆம்பியர் அடிக்கடி வரும், பாரம் ஏற்றிய வண்டியில் சில நிமிடம் தொடர்ந்தும் வரும்.

60 என்று எழுதிய பிஎம்எஸ் 50-ஐத் தாங்காதா என்றால், தாங்கும். ஆனால் அந்த 60 எந்தச் சூட்டில் அளந்த 60 என்பதுதான் கேள்வி. உங்கள் பேட்டரிப் பெட்டி சீட்டுக்குக் கீழே, தகரத்துக்குள், ஏப்ரல் வெயிலில் இருக்கப் போகிறது. பிஎம்எஸ்-இல் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாகத்தான் முழுக் கரண்டும் போகிறது. சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறும். மொத்தத் தடை 2 மில்லிஓம் என்று வைத்தால் 25 ஆம்பியரில் ஒன்றேகால் வாட், 50-இல் 5 வாட். காற்றோட்டம் இல்லாத பெட்டியில் 5 வாட் சாதாரண விஷயமில்லை. 100 ஆம்பியர் பலகையில் மாஸ்ஃபெட் கூடுதலாக இணையாகப் போட்டிருப்பார்கள், தடை குறையும், சூடும் குறையும். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு இதற்குத்தான்.

200, 300 என்று போகவும் வேண்டாம். பிஎம்எஸ்-இன் ஓவர் கரண்ட் எல்லை உங்கள் வயர், செல், ஃப்யூஸ் மூன்றையும் காப்பாற்றும் அளவில் இருக்க வேண்டும். 100 ஆம்பியர் பலகையை வாங்கி, அதன் ஃபோன் செயலியில் எல்லையை 70 அல்லது 75-க்கு இறக்கி வையுங்கள்.

பழையமெக்கானிக்

ஒன்று கேட்கிறேன் தம்பிகளா. லெட் ஆசிட்டில் இந்த வண்டிகளை எத்தனை காலமாக ஓட்டுகிறோம், எதற்காவது பிஎம்எஸ் போட்டோமா? மாதம் ஒருமுறை டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினால் முடிந்தது. பேட்டரிக்கு ஒரு கம்ப்யூட்டர், அதைப் பார்க்க ஒரு ஃபோன். தேவையா இதெல்லாம்?

சால்டர்புகை

அண்ணா, அந்த டிஸ்டில்ட் வாட்டர்தான் உங்கள் பிஎம்எஸ். லெட் ஆசிட்டில் ஒரு செல் முதலில் நிறைந்துவிட்டால் மிச்சக் கரண்ட் தண்ணீரைப் பிரித்து வாயுவாகப் போய்விடும். அதற்குள் மற்ற செல்களும் நிறைந்துவிடும். போன தண்ணீரை நீங்கள் ஊற்றிச் சரிக்கட்டுகிறீர்கள். லித்தியம் செல்லில் அப்படிப் போக்கிடம் இல்லை. நிறைந்த செல்லுக்குள் மேலும் தள்ளினால் 3.65 வோல்ட்டைத் தாண்டி ஏறும், எலக்ட்ரோலைட் கெடும், செல் உப்பும். பதினாறில் ஒன்று முந்தினாலும் யாராவது பார்த்து நிறுத்தியாக வேண்டும்.

பழையமெக்கானிக்

சரி, அது நியாயம். அப்போது இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை ஃபோன் வைத்திருக்கிற யாரும் சொல்லமாட்டார்கள். இந்த வண்டிகளில் ஹாரன், லைட்டு எல்லாம் 12 வோல்ட். கன்வெர்ட்டர் காசை மிச்சம் பிடிக்க நாலு பேட்டரியில் ஏதோ ஒன்றிலிருந்து நேராக வயர் இழுத்திருப்பார்கள். முதல் பேட்டரி மட்டும் எப்போதும் சீக்கிரம் போகிறதே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? உடுமலைத் தம்பி, உங்கள் வண்டியில் பாருங்கள்.

தோப்பு_உடுமலை

ஐயா சொன்னது அப்படியே இருக்கிறது! நெகட்டிவ் பக்கத்து முதல் பேட்டரியிலிருந்து ஒரு மெல்லிய சிவப்பு வயர் ஹாரனுக்கும் ஹெட்லைட்டுக்கும் போகிறது. இரண்டு செட்டிலும் அந்த பேட்டரிதான் முதலில் போனது.

சால்டர்புகை

பழையமெக்கானிக் அண்ணாவுக்கு நன்றி. பிஎம்எஸ் பிராண்டைப் பற்றிப் பத்துப் பக்கம் பேசுவதைவிட இது முக்கியம். அந்த வயரை அப்படியே லித்தியம் பேக்கில் நாலாவது செல்லில் மாட்டினால் முதல் நாலு செல் மட்டும் தினமும் இறங்கும். செல்களைச் சமப்படுத்தும் எந்த பேலன்சரும் அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. 48-இலிருந்து 12-க்கு ஒரு டிசி கன்வெர்ட்டர் போடுங்கள். உள்ளீடு குறைந்தது 60 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக இருக்கட்டும். 16 செல் முழுசாக நிறைந்தால் 58.4 வோல்ட் வரும்.

கன்வெர்ட்டரின் நெகட்டிவ் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். இந்த விலையில் கிடைக்கும் பிஎம்எஸ் எல்லாம் நெகட்டிவ் பக்கத்தில்தான் கட் செய்யும். பி மைனஸ் என்பது செல் பக்கம், பி என்ற பெயரிலேயே இன்னொன்றும் உண்டு, அது வண்டிப் பக்கம். ஒன்றின் எழுத்து பேட்டரிக்கு, மற்றதன் எழுத்து பேக்குக்கு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் செல் மைனஸ், வண்டி மைனஸ் என்றே சொல்கிறேன். லைட், ஹாரன், ஃபோன் சார்ஜர் எதுவானாலும் வண்டி மைனஸில். யாராவது செல் மைனஸில் மாட்டிவிட்டால் பிஎம்எஸ் கட் ஆன பிறகும் அது சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

குன்னூர்க்காரர்

நான் எஸ்டேட்டில் மெயின்டனன்ஸ். தேயிலை மூட்டை இழுக்கும் வண்டிகள் எங்களிடமும் உண்டு. சமதளத்துக்காரர்கள் ஆம்பியரோடு நிறுத்திவிடுகிறீர்கள். எங்களுக்குத் தலைவலி இறக்கம்.

எங்கள் சார்ஜிங் ஷெட் மேட்டில் இருக்கிறது. காலையில் முழு சார்ஜோடு வண்டியை எடுத்தால் முதல் வேலையே கீழே இறங்குவது. ரீஜென் உள்ள கன்ட்ரோலர் அந்த இறக்கத்தில் மோட்டாரை ஜெனரேட்டராக்கி பேட்டரிக்குள் கரண்டைத் தள்ளும். பேட்டரியிலோ இடமில்லை. ஏதாவது ஒரு செல் எல்லையைத் தொட்டதும் பிஎம்எஸ் சார்ஜ் பக்கத்தை மூடும். மூடிய நொடியில் அந்த மின்சாரம் போக இடமில்லாமல் கன்ட்ரோலர் முனையில் வோல்டேஜ் எகிறும். 48 வோல்ட் கன்ட்ரோலர் பலவற்றில் உள்ளே இருப்பது 63 வோல்ட் கெபாசிட்டர். அதோடு மோட்டார் பிரேக்கும் திடீரென்று விட்டுப்போகும், வளைவில் மூட்டையோடு.

புதிதாக வந்த ஒரு வண்டியில் இன்னொரு கூத்து. சார்ஜுக்குத் தனி முனை, ஓட்டத்துக்குத் தனி முனை என்று இருக்கும் செப்பரேட் போர்ட் பிஎம்எஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ரீஜென் கரண்ட் ஓட்டத்து முனை வழியாக உள்ளே வருகிறது, அந்த வழியில் சார்ஜைத் தடுக்கும் மாஸ்ஃபெட்டே கிடையாது. ஓவர் சார்ஜ் ஆனாலும் தடுக்க ஆளில்லை. விற்றவரிடம் கேட்டால் "பிஎம்எஸ் இருக்கிறதே சார்" என்கிறார். என்ன சொல்வது.

ஆகவே ரீஜென் இருந்தால் சார்ஜும் ஓட்டமும் ஒரே முனையில் நடக்கும் காமன் போர்ட் மட்டும். மேட்டில் நிறுத்தும் வண்டிக்கு 90 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துங்கள். மெக்கானிக்கல் பிரேக்கை நம்பி ஓட்டுங்கள், ரீஜெனை நம்பி வேண்டாம்.

தோப்பு_உடுமலை

எங்கள் தோப்பு சமதளம்தான் அண்ணா. ஆனால் கன்ட்ரோலரில் இஏபிஎஸ் என்று எழுதி ஒரு இரட்டை வயர் தொங்குகிறது. அதுவா ரீஜென்?

குன்னூர்க்காரர்

அதேதான். சமதளத்தில் அதனால் திரும்பக் கிடைப்பது சொற்பம். மாட்டாமல் விட்டு, முனையில் டேப் சுற்றிவிடுங்கள். இருந்தாலும் காமன் போர்ட்டே வாங்குங்கள், நாளைக்கு யாராவது அதை மாட்டி வைப்பார்கள்.

ஓம்விதி

நான் கல்லூரி ப்ராஜெக்டுக்காக இதே மாதிரி வண்டி செய்கிறேன். மாஸ்ஃபெட் பிஎம்எஸ்-க்குப் பதில் கான்டாக்டர் (பெரிய ரிலே மாதிரியான சுவிட்ச்) வைத்து, கேன் பஸ் என்ற தகவல் வயரில் கன்ட்ரோலரோடு பேசும் பிஎம்எஸ் போட்டால் இந்தப் பிரச்சினை எல்லாம் வராதே? பேட்டரி நிறைந்திருக்கிறது, ரீஜெனைக் குறை என்று பிஎம்எஸ்-ஏ கன்ட்ரோலருக்குச் சொல்லிவிடும். லோ பேட்டரியிலும் மெதுவாக வேகத்தைக் குறைக்கும். ஏன் யாரும் அதைச் சொல்லவில்லை?

சால்டர்புகை

சரியான வழி அதுதான், கார் எல்லாம் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் உடுமலைக்காரர் கன்ட்ரோலருக்குக் கேன் பேசத் தெரியாது. பிஎம்எஸ் கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. கன்ட்ரோலரையும் மாற்ற வேண்டும், பிறகு த்ராட்டில், மீட்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். கான்டாக்டர் காயில் வண்டி ஆனில் இருக்கும் நேரம் முழுக்கச் சில வாட் தின்னும். 50 ஆம்பியருக்கு அதெல்லாம் அதிகம். 200-க்கு மேல் போகிற வண்டி என்றால் நானே கான்டாக்டர்தான் சொல்வேன்.

நீங்கள் சொன்னதில் ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறேன், லோ பேட்டரி. இந்த இழையில் நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான். பிஎம்எஸ் கடைசிக் காவல். அது தினமும் வேலை செய்கிறது என்றால் எங்கோ தப்பு.

கன்ட்ரோலர் 42 வோல்ட்டில் நிறுத்தும் என்று ஸ்டிக்கர் சொல்கிறது. பதினாறால் வகுத்தால் செல்லுக்கு 2.62. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு செல் மட்டும் சோப்ளாங்கி என்று வையுங்கள். அது 2.5-க்கு விழும்போது மற்ற பதினைந்தும் 3.0-இல் நிற்கலாம். மொத்தம் 47.5 வோல்ட். கன்ட்ரோலருக்கு எல்லாம் சுகம். பிஎம்எஸ் பட்டென்று கட் செய்யும், வண்டி வாய்க்கால் நடுவில் நிற்கும். கன்ட்ரோலரின் 42 உங்களுக்கு எப்போதுமே வராது.

பழைய வோல்ட் மீட்டரையும் நம்ப வேண்டாம். எல்எஃப்பி 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ் காட்டும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணுகிற பிஎம்எஸ், அதோடு ஹேண்டில் பக்கத்தில் மாட்ட ஒரு சின்ன டிஸ்ப்ளே. 20 சதவீதம் தெரிந்தால் ஷெட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று ஓட்டுபவரிடம் சொல்லிவையுங்கள். அந்த எண் நாளாக ஆக விலகும். வாரம் ஒருமுறையாவது முழுசாக நிறைத்தால்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

தோப்பு_உடுமலை

ஓட்டுகிறவர் ஃபோனில் செயலி போட்டுக்கொடுக்க நினைத்தேன். டிஸ்ப்ளேதான் சரி என்று படுகிறது.

பேலன்சிங் பற்றிச் சொல்லுங்கள். ஒரு கடையில் 'ஆக்டிவ் பேலன்ஸ் இல்லாமல் லித்தியம் போட்டால் ஆறு மாதத்தில் குப்பை' என்று பயமுறுத்தினார்கள்.

ஓம்விதி

ஆக்டிவ்தான் நல்லது, நிறைந்த செல்லில் இருப்பதைக் குறைந்த செல்லுக்கு மாற்றும். பேசிவ் என்பது நிறைந்த செல்லிலிருந்து கரண்டைத் தடையில் எரித்து வீணாக்குகிறது.

சால்டர்புகை

வீணாகும் மின்சாரம் ஒரு பொருட்டே இல்லை, எரிவது மில்லிஆம்பியரில். பார்க்க வேண்டியது நேரம். 100 ஏஎச் செல் ஒன்று மற்றவற்றைவிட 2 சதவீதம் முந்தியிருந்தால் 2 ஏஎச் குறைக்க வேண்டும். 50 மில்லிஆம்பியர் பேசிவ் பலகைக்கு அது 40 மணி நேர வேலை. அதுவும் செல் 3.4 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் நேரம் மட்டுமே கணக்கில் வரும். அதற்குக் கீழே வோல்டேஜைப் பார்த்து யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று சொல்லவே முடியாது. தினமும் அரை மணி நேரம் உச்சியில் நின்றால் எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். 1 ஆம்பியர் ஆக்டிவ் அதைச் சில மணி நேரத்தில் முடிக்கும்.

குன்னூர்க்காரர்

இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். ஆரம்பத்திலேயே பதினாறு செல்லையும் இணையாகக் கட்டி 3.65 வரை நிறைத்துவிட்டு, பிறகு தொடராகக் கட்டினால் பேசிவே போதும். நல்ல செல் ஒன்றையொன்று விட்டு அவ்வளவு விலகாது. எங்கள் பழைய பேக்கில் இருப்பது சாதாரண பேசிவ்தான், முழு சார்ஜில் வித்தியாசம் 20 மில்லிவோல்ட்டுக்குள் நிற்கிறது. பெரிய பேலன்சர் போட்டால் கெட்டுக்கொண்டிருக்கும் செல்லை அது மூடி மறைத்துவிடும். தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

சால்டர்புகை

புதிய, ஒரே லாட் செல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். இங்கே கடைகளில் கிடைப்பது எந்த லாட் என்று உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பழைய பேக்கைப் பிரித்த செல்லுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி வருவதெல்லாம் பார்த்தாச்சு. நான் ஆக்டிவ்தான் போடுவேன். ஆனால் இணையாகக் கட்டி நிறைப்பதை அதற்காகத் தவிர்க்கக் கூடாது, அதில் உங்களோடு முழு உடன்பாடு. பேலன்சரை 3.4-க்கு மேல் மட்டும் வேலை செய்யும்படி செட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் கண்டபடி மாற்றி இன்னும் கெடுக்கும்.

தோப்பு_உடுமலை

ஜேகே என்ற பிஎம்எஸ் பிராண்டில் பிடி6ஏ20எஸ்10பி என்று ஒன்று காட்டினார்கள். அது எப்படி?

சால்டர்புகை

பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. 6ஏ என்பது 0.6 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்ஸ். 6 ஆம்பியர் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு, நம்பாதீர்கள். 20எஸ் என்றால் 20 செல் வரை, உங்கள் பதினாறு அதற்குள் அடங்கும். 10பி என்றால் 100 ஆம்பியர். காமன் போர்ட். உங்கள் வண்டிக்குப் பொருந்தும். செயலிக்குக் கடவுச்சொல் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றோடுதான் வரும், முதல் நாளே மாற்றுங்கள். பக்கத்துத் தோட்டத்துப் பையன் ப்ளூடூத்தில் வண்டியை ஆஃப் செய்து விளையாடுவான்.

பழையமெக்கானிக்

மெயின் எம்சிபி பழசே போதுமா?

சால்டர்புகை

வீட்டு போர்டில் போடும் ஏசி எம்சிபி-யாக இருந்தால் கூடாது அண்ணா. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடும், ஆர்க் தானாக அணையும். டிசி தொடாது, ஆர்க் நின்று எரியும். டிசி என்று எழுதியதாகப் பாருங்கள். அதற்கு முன்னால் செல் பிளஸ்ஸில் ஒரு ஃப்யூஸ் கட்டாயம். மாஸ்ஃபெட் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும். அப்போது பிஎம்எஸ் வெறும் வயர். இந்த செல்கள் ஷார்ட்டில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் தரும்.

எம்சிபி-யைப் போடும்போது 'சடக்' என்று பொறி வரும் இல்லையா, அது கன்ட்ரோலர் கெபாசிட்டர் நிறைவது. லெட் ஆசிட் அதைக் கண்டுகொள்ளாது. பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று நினைத்து மூடிக்கொள்ளும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஒரு புஷ் பட்டன் வழியாக எம்சிபி-க்கு இணையாகக் கட்டுங்கள். இரண்டு விநாடி அமுக்கிவிட்டு எம்சிபி-யைத் தூக்கினால் பொறி வராது.

ஓம்விதி

ரோட்டில் ஓட்டினால் இதே பேக் செல்லுமா?

குன்னூர்க்காரர்

செல்லாதும்மா. பதிவான வண்டியில் மாற்றம் செய்ய மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி அனுமதி வேண்டும். பேக் ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தில் தேறியதாக இருக்க வேண்டும். அதன் கடுமையான விதிகள் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என்று இரண்டு கட்டமாக வந்தன. கையில் கட்டிய பேக் தோப்புக்குள் மட்டும்தான்.

இன்னொன்று, ஊட்டிப் பக்கம் யாராவது இதைப் படித்தால்: உறைபனி மாதங்களில் 0 டிகிரிக்குக் கீழே எல்எஃப்பி-யைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், திரும்பாது. பிஎம்எஸ்-இல் சென்சர் இருப்பதோடு லோ டெம்பரேச்சர் சார்ஜ் கட் 5 டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். உடுமலைக்கு இந்தக் கவலை இல்லை, உங்களுக்கு மேல் எல்லைதான். 45-இல் சார்ஜை நிறுத்தும்படி வையுங்கள். சென்சரை நடு செல்லுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெட்டி ஓரத்தில் ஒட்டினால் அது தகரத்தின் சூட்டைச் சொல்லும்.

தோப்பு_உடுமலை

ஆர்டர் போட்டாச்சு: 100 ஆம்பியர் காமன் போர்ட் ஆக்டிவ், டிஸ்ப்ளே, டிசி கன்வெர்ட்டர், 100 ஆம்பியர் ஃப்யூஸ், டிசி எம்சிபி. பழைய லெட் ஆசிட் சார்ஜர் நன்றாகத்தான் இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், பேலன்ஸ் வயர் 17 இருக்கிறதாம், மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சால்டர்புகை

சார்ஜர் வேண்டாம். அதன் ஈக்வலைஸ் கட்டம் 60-ஐத் தாண்டலாம், பிஎம்எஸ் தினமும் கட் செய்யும். 58.4 வோல்ட் எல்எஃப்பி சார்ஜர், 20 ஆம்பியர் போதும்.

வயர்: முதலில் செல் மைனஸ் பெரிய வயரை பிஎம்எஸ்-இல் முறுக்குங்கள். 17 வயர் கனெக்டரை இன்னும் பிஎம்எஸ்-இல் செருகாதீர்கள். மல்டிமீட்டர் கறுப்பு முனையை முதல் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாக நகர்த்துங்கள். 3.3, 6.6, 9.9 என்று சீராக ஏறி கடைசியில் 53-ஐ ஒட்டி நிற்க வேண்டும். எங்காவது ஒரே எண் இரண்டு முறை வந்தாலும், ஒரேயடியாக 6.6 தாவினாலும், இறங்கினாலும் வயர் மாறியிருக்கிறது. அப்படியே செருகினால் பலகை போய்விடும். எல்லாம் சரியாக இருந்தால் செருகுங்கள். ஆன் ஆகவில்லை என்று பயப்பட வேண்டாம், பட்டனை அமுக்கினாலோ சார்ஜரை ஒருமுறை மாட்டினாலோதான் விழிக்கும். முதல் சார்ஜ் முடியும் நேரத்தில் பக்கத்திலேயே உட்கார்ந்து செல் வோல்டேஜைப் பாருங்கள். எந்த செல் முதலில் 3.6-ஐத் தொடுகிறது, அப்போது கடைசி செல் எவ்வளவு என்று குறித்து இங்கே போடுங்கள்.